வரைபடத்துக்கு முன் வண்டியை அளந்துவிடுங்கள்: அமெரிக்க மேற்குப் பூங்காக்களில் ஆர்.வி. பயணம்

ஜயான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கிராண்ட் டீட்டன், எல்லோஸ்டோன் என்று பார்க்க ஆசைப்படும் பூங்காக்களை வரிசையாக எழுதிக்கொண்டு, கடைசியில் வண்டி தேடுவதுதான் பலரும் செய்வது. காரில் போகிறவர்களுக்கு இது சரி. ஆர்.வி.யில், அதாவது நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் கேரவன் என்கிறோமே அதைப் போன்ற வீட்டு வண்டியில் போவதென்றால், முதலில் முடிவாக வேண்டியது வண்டிதான். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவைத்துவிட்டுத்தான் வரைபடத்தைத் திறக்க வேண்டும். மேற்கின் அழகான மலைச்சாலைகள் பல 1930களில், அந்தக் காலத்துச் சிறு கார்களுக்காகப் போடப்பட்டவை. இன்றைய வாடகை ஆர்.வி. அவற்றில் நுழையவே முடியாது, அல்லது நுழைந்தால் திரும்ப முடியாது.

ஜயானையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே பிரைஸுக்குப் போகும் வழியில் 1930இல் திறந்த 1.1 மைல் நீளச் சுரங்கப்பாதை இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பெரிய வண்டிகளுக்கு 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்த் திசைப் போக்குவரத்தை நிறுத்தி, நடுப்பாதையில் போக விட்டார்கள். 2026 ஜூன் 7 முதல் அந்த வசதி கிடையாது. 7 அடி 10 அங்குல அகலம், 11 அடி 4 அங்குல உயரம், 35 அடி 9 அங்குல நீளம், இவற்றில் எதைத் தாண்டினாலும் அந்தச் சாலையில் போகக் கூடாது. பலரும் நீளத்தை மட்டும் பார்த்து, "நம்முடையது 25 அடிதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். வாடகைக்குக் கிடைக்கும் சி வகை, அதாவது வேன் முகப்போடு வீட்டுப் பெட்டியைச் சேர்த்துக் கட்டிய வண்டியின் உடல் அகலமே பொதுவாக 8 அடியைத் தாண்டும். ஆகவே சுரங்கம் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். மாற்று வழி, மேற்கே திரும்பி ஐ-15 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, யூட்டா 20ஆம் சாலையில் கிழக்கே கடந்து, பாங்விச் ஊர் வழியாகப் பிரைஸுக்கு இறங்குவது. சுரங்கம் வழியே 85 மைல் அளவில் முடியும் தூரம் இதில் சுமார் 150 மைல் ஆகும். செடார் சிட்டியிலிருந்து நேராக மலையேறும் 14ஆம் சாலையை ஜிபிஎஸ் காட்டும். அது பத்தாயிரம் அடியை நெருங்கும் ஏற்றம், பெரிய வண்டிக்கு வேண்டாம்.

கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் இன்னும் கறார். அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே, முன்னும் பின்னும் பம்பரைச் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. வண்டியை முகாமில் நிறுத்திவிட்டு, 1930களின் சிவப்புச் சுற்றுலாப் பேருந்தில் இடம் பதிவு செய்துகொள்வது நல்லது. வண்டியை மறுபக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் தெற்கே யு.எஸ். 2 சாலையில் சுற்றி, பிரௌனிங் வழியாக செயின்ட் மேரிக்குப் போகலாம். செக்வோயா பூங்காவில் பொட்விஷா முகாமுக்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்டுக்கும் இடையே 22 அடிக்கு மேற்பட்ட வண்டி வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பெரிய வண்டிக்காரர்கள் கிங்ஸ் கேன்யன் பக்கமிருந்து 180ஆம் சாலையில் நுழையலாம். கிராண்ட் டீட்டனில் மூஸ்-வில்சன் சாலை ஆர்.வி.க்கு மூடப்பட்டது. யூட்டாவின் தென்கிழக்கில் மோக்கி டக்வே என்ற சரிவு, பாறை விளிம்பை ஒட்டிய மண் கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. ஜிபிஎஸ் அதை வெறும் குறுக்கு வழியாகத்தான் காட்டும். சாதாரண கைபேசி வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. ஆர்.வி.க்கென்றே உள்ள வழிகாட்டிக் கருவியில் அளவுகளை ஏற்றிவிடுங்கள், அப்படியும் ஒவ்வொரு நாள் வழியையும் முந்தின இரவே பூங்காவின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த அளவு வண்டி எடுப்பது? நான்கு பேருக்கு 25 அடி சி வகைதான் என் பரிந்துரை. 30 அடிக்குப் போனால் தனிப் படுக்கையறை கிடைக்கும், ஆனால் பூங்கா முகாம்களில் பாதி இடங்கள் கைவிட்டுப் போகும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பின் மேதர் முகாமில் உச்ச வரம்பே 30 அடி. இருவர் மட்டும் என்றால் 19 முதல் 21 அடி வேன் போதும், சுற்று வழிகள் பலவும் மிச்சமாகும். விளம்பரத்தில் 25 அடி என்று இருப்பது பெயருக்குத்தான். பின்னால் ஏணி, சைக்கிள் தாங்கி எல்லாம் சேர்த்து நிஜ அளவை வண்டி தருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். உயரத்தைக் கூரை ஏசி வரை அளக்க வேண்டும். பெட்ரோல் பங்கின் கூரையிலும், உணவகங்களில் வண்டியோடு போய் வாங்கும் வழியிலும் இடித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும் விபத்து. கூரைச் சேதம் வாடகைக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது, கடன் அட்டையின் இலவசக் காப்பீடும் ஆர்.வி.க்குப் பொதுவாகச் செல்லாது.

ஒரு சுற்றின் கணக்கு இது. லாஸ் வேகஸில் வண்டியை எடுத்து, ஜயான், பிரைஸ், 12ஆம் சாலை வழியே கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸுக்குப் பக்கத்து ஊரான மோவாப், வடக்கே ஜாக்சன் ஊர், டீட்டன், எல்லோஸ்டோன், சால்ட் லேக் சிட்டி வழியாகத் திரும்பி வேகஸ். உள்ளே சுற்றுவதையும் சேர்த்தால் சுமார் 2,300 மைல். காலனுக்கு 9 மைல் ஓடும் வண்டிக்கு 255 காலன் பெட்ரோல் வேண்டும். காலன் 4 டாலர் என்று வைத்தால் ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். இதோடு பலர் மறப்பது மைல் கட்டணம். மைலுக்கு 40 சென்ட் என்றால் அது மட்டுமே 920 டாலர். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணமும் உண்டு. நாள் வாடகையை மட்டும் ஒப்பிட்டு வண்டி எடுத்தால் கணக்கு உதைக்கும்.

இந்தச் சுற்றுக்கு 16 நாள் வேண்டும். 10 நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், அவ்வளவு நாள்தான் இருக்கிறது என்றால் மோவாபோடு திரும்பிவிடுங்கள். கைபேசி சொல்லும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 250 மைல் நிறைவான ஓட்டம், 300 உச்சம். மாலை நான்கு மணிக்குள் முகாமில் நின்றுவிட வேண்டும். இருட்டில் மரங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பதும், மான்கள் குறுக்கே ஓடும் சாலையில் இரவில் ஓட்டுவதும் தேவையில்லாத ஆபத்து. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காரைப் போல ஏறி உட்கார்ந்து கிளம்ப முடியாது. குழாய், மின்கம்பி எல்லாம் கழற்றிக் கட்டவே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

எந்த மாதம் போவது? செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினம் கழிந்த மூன்று வாரங்கள்தான் மிகச் சிறந்தவை. பள்ளிகள் திறந்திருக்கும், யூட்டாவில் வெயில் தணிந்திருக்கும், வடக்கே சாலைகள் மூடியிருக்காது. ஜூன் தொடக்கத்தில் போகிறவர்கள் யோசமிட்டியின் தியோகா கணவாயையோ கிளேசியரின் மலைச்சாலையையோ நம்பித் திட்டம் போடக் கூடாது. பனி அதிகம் விழுந்த ஆண்டில் இரண்டுமே ஜூலை வரை திறக்காமல் போனதுண்டு. கோடையில் டெத் வேலிக்குள் வாடகை ஆர்.வி.யைக் கொண்டுபோகப் பல ஒப்பந்தங்களில் தடை உண்டு. மண் சாலைகளுக்கும் அப்படியே.

முகாம் பதிவு தனிக் கலை. பெரும்பாலான பூங்கா முகாம்கள் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில், தங்கும் தேதிக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். அது சென்னையில் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. யோசமிட்டிக்கு முறை வேறு: ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ஒரு மாதத் தொகுதி மொத்தமாகத் திறக்கும். கணக்கில் முன்பே நுழைந்து, அட்டை விவரங்களைச் சேமித்து, விரும்பும் மூன்று இடங்களின் எண்களையும் எழுதிவைத்திருங்கள். ஜயானின் வாட்ச்மேன் போன்ற முகாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முகாமின் பொது வரம்பைப் பார்த்தால் போதாது, அந்த இடத்தின் நீளத்தைத் தனியாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பூங்காவுக்கு வெளியே தனியார் ஆர்.வி. பார்க்குகளும், தேசியக் காடுகளிலும் பொது நிலங்களிலும் இலவசமாகத் தங்கும் இடங்களும் இருக்கின்றன. பொது நிலத்தில் பொதுவாக 14 நாள் வரம்பு. பூங்காவின் வண்டி நிறுத்தங்களில் இரவு தூங்கக் கூடாது.

எல்லோஸ்டோனில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் உள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ். கரடி நடமாட்டத்தால் அங்கே கூடாரத் துணி வண்டிகளுக்கு இடமில்லை, கெட்டியான சுவர் உள்ள வண்டி மட்டுமே.

நுழைவுக் கட்டணத்தில் இந்தியாவிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. 2026 தொடங்கி, அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு அட்டை 250 டாலர், வசிப்பவர்களுக்கு 80. அட்டை இல்லாமல் போனால் ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன், டீட்டன், எல்லோஸ்டோன், கிளேசியர், யோசமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில், 16 வயது நிரம்பிய, அமெரிக்காவில் வசிக்காத ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். மேற்சொன்ன சுற்றுக்கு 250 டாலர் அட்டையே லாபம். ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூரை ஓரங்கள், பின் மூலைகள், அடிப்பகுதி எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஏழு வருடத்தைத் தொட்ட டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். பாலைவன வெயிலில் ரப்பர் உள்ளிருந்து வெடிக்கும், பின் சக்கர டயர் வெடித்தால் கழிவுக் குழாயையும் சேர்த்துப் பிய்த்துவிடும். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன்பே பாருங்கள். ஃப்ரிட்ஜைக் கேஸிலும், ஏசியை ஜெனரேட்டரிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர், தண்ணீர் பம்ப், சுடுநீர் மூன்றையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் இரவு, வண்டி எடுத்த ஊரிலேயே எல்லா இணைப்பும் உள்ள முகாமில் தங்குங்கள். கோளாறு அன்றிரவே தெரிந்துவிடும், மறுநாள் காலை மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

மின்சாரத்தில் நம்மவர்கள் தடுமாறுவது அதிகம். 30 ஆம்பியர் இணைப்பென்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி 13 ஆம்பியர், மைக்ரோவேவ் 12 அல்லது 13, சுடுநீர்க் கலன் மின்சாரத்தில் ஓடினால் 12. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கெட்டில் அங்கே கால் பங்கு சூடுதான் தரும், மிக்ஸியும் திணறும். சட்னிப் பொடி, மசாலா எல்லாம் அரைத்து எடுத்துப் போய்விடுங்கள். கரண்டு இல்லாத முகாமில் நம்பியிருப்பது வீட்டுப் பகுதியின் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஹீட்டரின் விசிறி 7 ஆம்பியர் இழுக்கும். பிரைஸின் குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 35 போய்விடும். இதனால்தான் விடியற்காலை நான்கு மணிக்கு ஹீட்டர் நின்றுபோகிறது. அமைதி நேரம் தொடங்கும் முன் மாலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தே குடிக்கும். டேங்க் கால் பங்கை நெருங்கினால் தானே நின்றுவிடும், உங்களை நடுக்காட்டில் நிறுத்திவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

உயரமும் வேலையைக் காட்டும். பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல். தண்ணீர் அங்கே 92 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம். 5,500 அடிக்கு மேல் ஃப்ரிட்ஜின் கேஸ் சுடர் அணைந்து போவதுண்டு, காற்று மெலிந்திருப்பதுதான் காரணம். மின்சாரம் உள்ள முகாமில் அதை மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள். வண்டி சாய்ந்து நின்றாலும் இந்த வகை ஃப்ரிட்ஜ் குளிராது, சக்கரத்தடியில் மட்டக் கட்டைகளை அடுக்கிச் சமன் செய்த பிறகே கேஸில் போடுங்கள். தாளிக்கும்போது கூரை ஜன்னலும் விசிறியும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் புகை அலாரம் முகாமையே எழுப்பும்.

தண்ணீர்த் தொட்டி பொதுவாக 40 காலன். நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல், சுமார் 150 கிலோ. மலையேறும் நாளில் கால் தொட்டி போதும், முகாம் போய் நிரப்பிக்கொள்ளலாம். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, அலசினால் ஒருவருக்கு 3 காலன். குழாயைத் திறந்தபடி ஐந்து நிமிடம் நின்றால் 10 காலன். குடிநீருக்கு வெள்ளைக் குழாய் தனி. குழாய்க்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வைப் போட மறந்தால், சில முகாம்களின் வேகத்தில் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் பிளந்துவிடும். இரவில் உறைநிலைக்குப் போகும் என்றால் வெளிக் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத் தொட்டி நீரில் ஓட்டுங்கள்.

கழிவைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிட வேண்டும். கருப்புத் தொட்டி கழிவறைக்கு, சாம்பல் தொட்டி குளியலுக்கும் சமையல் தொட்டிக்கும். எல்லா இணைப்பும் உள்ள முகாமில் கருப்பு வால்வைத் திறந்தே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. நீர் வடிந்து, திடக்கழிவு மட்டும் கூம்பாகக் கெட்டியாகிவிடும், பிறகு அதை இளக்குவது பெரும்பாடு. முக்கால் தொட்டி நிரம்பும் வரை மூடியே வைத்திருங்கள். வெளியேற்றும்போது கையுறை போட்டு, குழாயின் இரு முனையும் இறுகப் பூட்டி, முதலில் கருப்பு, அது முழுதும் போன பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். கழிவுக் குழாயை அலச வெள்ளைக் குழாயை ஒருபோதும் எடுக்காதீர்கள். காலியானதும் கருப்புத் தொட்டியில் இரண்டு காலன் தண்ணீரும் மருந்தும் ஊற்றிவையுங்கள். காகிதம் நீரில் கரையும் வகையாக இருக்கட்டும். நம் சமையலில் சாம்பல் தொட்டிக்கு எதிரி எண்ணெயும் கடுகும் கறிவேப்பிலையும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டு, வடிகட்டி போட்டுக் கழுவுங்கள். கஞ்சித் தண்ணீரை உள்ளே விட்டால் மூன்றாம் நாள் நாற்றம் தாங்காது.

மலை இறங்கும்போது ஊட்டி மலைப்பாதைப் பலகைகள் சொல்வதேதான்: குறைந்த கியர். பாரத்தோடு ஓட்டும்போது கியரைத் தாழ்த்தியே வைத்திருக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, மிதித்தும் பிடிக்காத நிலை வரும். வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்து ஐந்து மைல் குறைத்து விட்டுவிடுங்கள், மறுபடி ஏறினால் மறுபடி. ஜாக்சனுக்கு மேற்கே டீட்டன் கணவாய் 10 சதவீதச் சரிவு. சால்ட் லேக் பக்கமிருந்து வருபவர்கள் ஆல்பைன் ஊர் வழியாக ஸ்னேக் ஆற்றை ஒட்டி வந்தால் அதைத் தவிர்த்துவிடலாம். 12ஆம் சாலையில் எஸ்கலான்டேயைத் தாண்டிய ஹாக்பேக் என்ற குறுகிய மலைமுகட்டில் இரு பக்கமும் பள்ளம், தடுப்பு இல்லை. பகலில், காற்று இல்லாதபோது 25 அடி வண்டி தாராளமாகப் போகும். பின்னால் யாராவது சேர்ந்துகொண்டால் ஒதுங்கும் இடத்தில் வழி விடுங்கள். காற்று மணிக்கு 40 மைலைத் தொட்டால் ஓட்ட வேண்டாம், நின்றுவிடுங்கள்.

கேப்பிடல் ரீஃபுக்கும் மோவாபுக்கும் நடுவே ஹாங்க்ஸ்வில்லில் டேங்கை நிரப்புங்கள். மோவாபிலிருந்து நேராக வேகஸ் திரும்புகிறவர்களுக்கு ஐ-70இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க் கூடக் கிடையாது. அரிசோனாவில் கோடை நேர மாற்றம் இல்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலத்தில் உண்டு. பேஜ் ஊரில் படகோ பள்ளத்தாக்கு நடையோ பதிவு செய்தவர்கள் எந்த நேரம் என்று கேட்டு உறுதி செய்யுங்கள், கைபேசிக் கடிகாரம் கோபுரத்துக்குக் கோபுரம் மாறும்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒருவர் வெளியே வண்டியைச் சுற்றி நடக்கட்டும்: மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவு மூடி, படிக்கட்டு, நிழல் துணி, கூரை ஜன்னல். இன்னொருவர் உள்ளே: அலமாரிப் பூட்டுகள், ஃப்ரிட்ஜ் தாழ், அடுப்பின் மேல் எதுவும் இல்லை என்பது. ரிவர்ஸ் எடுக்கும்போது வழி சொல்பவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி அசையக் கூடாது. திருப்பங்களில் வாலும் மறுபக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பம்ப்பின் காவல் கம்பத்தில் அடிவாங்குவது எப்போதும் பின்பகுதிதான், ஆகவே கம்பத்தை முழுதும் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கை ஒடியுங்கள்.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவும் வேகஸுக்குப் பக்கத்தில் எல்லா இணைப்பும் உள்ள முகாமிலேயே தங்குங்கள். இரண்டு தொட்டிகளையும் அங்கேயே காலி செய்து அலசி, பெட்ரோலையும் ஒப்பந்தத்தில் இருந்தால் கேஸையும் நிரப்பி, மைல் மீட்டரையும் ஜெனரேட்டர் மணிக் கணக்கையும் படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் காலை 11 மணிக்குள் சாவி கைமாற வேண்டும். அன்று மதியத்துக்கு முன் விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.